தானாத் தட்டுன கட்டைவிரல்

துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கங்க தம்பி. கையை உங்க மடியிலயே வெச்சுக்கங்க. எங்கிட்ட மாடு பேசறதுன்னா இனிமே வாயாலதான் பேசோணும்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? மாட்டுத் தரகன்னா துண்டுக்குள்ள கையை விட்டுத்தான் விலை பேசுவான்னு உங்களுக்கு ஆராச்சும் சொல்லி அனுப்பிச்சிருப்பாங்க. சரிதானுங்க, நானும் முப்பத்திரண்டு வருசம் அப்படித்தான் பேசினேன். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்குவோம், மேல துண்டைப் போட்டு மூடிக்குவோம். மொதல்ல எத்தனை விரலைப் பிடிக்கறோமோ அத்தனை பத்தாயிரம், மறுக்காப் பிடிக்கறது ஆயிரம். சுத்தி நூறு பேரு நின்னு எட்டிப் பாத்தாலும் ஒருத்தனுக்கும் விலை தெரியாது. சம்மதம்னா கட்டைவிரலால எதிராளி உள்ளங்கையில ரெண்டு தட்டு. தீந்துது. பத்திரம் கெடையாது, கையெழுத்துக் கெடையாது. துண்டுக்குள்ள தட்டுனது தட்டுனதுதான். பெத்த அப்பன் வந்து அழுதாலும் மாத்த முடியாது.

அந்தக் கட்டைவிரல்லயே வந்துதுங்க எனக்கு வினை.

உக்காருங்க, சொல்றேன். மாடு எங்கயும் ஓடிப்போயிறாது. அக்கட்ட நிக்கற செவலைச் சோடியைப் பாருங்க, அதுதான் விலைக்கு. இந்தக் கருப்புக் காளையை, காரியைப் பாக்காதீங்க. இது விலைக்கில்லை. ஏன் விலைக்கில்லைங்கறதும் இந்தக் கதைக்குள்ளதான் வருது.

தை மாசம், பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம் இருக்குமுங்க. கட்டில்ல காலை நீட்டிப் படுத்திருந்தேன். கெண்டைக்கால் சதை துடிச்சுது. வலிக்குதான்னா வலிக்கலை. அரிக்குதான்னா அரிக்கலை. தோலுக்குள்ள ஒரு புழு நெளியற மாதிரி சும்மா துடிக்குது. அட, துடிச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மேல் கையில. அப்பறம் தொடையில. அப்பறம் முதுகுல, எனக்கே எட்டாத எடத்துல. கடைசியா இந்த வலது கட்டைவிரல் அடிச் சதையில வந்து கூடாரம் போட்டுக்கிச்சுங்க. சதை துடிச்சா விரலும் கூடச் சேந்து வெடுக் வெடுக்குனு ஆடும்.

நான் பயப்படலைங்க. எனக்கெதுக்குப் பயம்? மூக்கணாங்கயிறு அத்துக்கிட்டு வந்த காளைக்கு முன்னால துண்டை விரிச்சு நின்னவன் நான். சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு பஞ்சாங்கத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்துல அங்கம் துடிக்கற பலன் போட்டிருக்குமல்லங்க, அதைப் பாத்தேன். ஆம்பளைக்கு வலது கை துடிச்சா லாபம்னு போட்டிருந்துது. மனசு குளுந்து போச்சு. கெண்டைக்கால் துடிச்சா பிரயாணமாம். வாரத்துல ஆறு நாள் பஸ்ல சந்தை சந்தையாப் போறவனுக்கு இதைச் சொல்ல ஒரு பஞ்சாங்கம் வேணுமுங்களா? சரி, அதையும் ஒத்துக்கிட்டேன். ஆனா ஒரே நாள்ல பத்து எடம் துடிச்சா என்னங்க பண்றது? லாபம், நட்டம், உறவுக்காரர் வருகை, சத்துரு பயம், நல்ல சாப்பாடு எல்லாம் ஒரே நாள்ல. இத்தனையும் நடக்கோணும்னா நான் மந்திரியாத்தான் இருக்கோணும். பஞ்சாங்கத்தை எறவாணத்துல சொருகிப்போட்டு போனை எடுத்தேன்.

அங்கதான் தம்பி கெட்டேன்.

எனக்கு எழுத்துக் கூட்டி அடிக்க வராது. பேசுனாப் போதும், அதுவே தேடிக்கும்னு மக சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்குது. மாட்டுக் கொட்டாய்க்குள்ள போயி மெதுவா, “சதை துடிக்குது, எதுக்கு?”ன்னு கேட்டேன். கேட்டதுதான் தாமதம், அது கொட்டிருச்சுங்க. மொதல்ல டீ அதிகம் குடிச்சாத் துடிக்கும், தூக்கம் கொறஞ்சாத் துடிக்கும், கவலைப்பட்டாத் துடிக்கும்னு என்னமோ சொல்லுச்சு. அதெல்லாம் நமக்கெதுக்கு? தள்ளித் தள்ளிக் கீழ போனேன். கீழ, எங்கயோ அடியில, ஒரு நோவு. பேரு வாயில நுழையலை. அந்த நோவுலயும் சதை துடிக்குமாம். அப்பறம் கை சூம்பிப் போகுமாம், பொருளைப் பிடிக்க முடியாதாம், அப்பறம் காலாம், அப்பறம் முழுங்கவே முடியாதாம். நான் வெளிய வந்து திண்டு மேல உக்காந்துக்கிட்டேன். கன்னுக்குட்டி வந்து கையை நக்குனது கூடத் தெரியலை.

தரகனுக்குக் கைதானுங்க எல்லாம். வாய் ஆருகிட்ட இல்லை? “சென்னியப்பன் கைன்னா நம்பிப் பிடிக்கலாம்”ங்கறதுதான் நான் சம்பாதிச்சது. அந்தக் கை சூம்பிப் போனா நான் ஆருங்க?

ஆனா பயப்படலை. பரிசோதனை மட்டும் பண்ணிப் பாத்துக்கிட்டேன். வெடியக்காலம் எந்திரிச்ச ஒடனே ஊசியில நூல் கோப்பேன். கோத்துட்டா அன்னிக்கு நான் உசிரோட இருக்கேன்னு கணக்கு. அப்பறம் கொட்டாய்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குதிங்காலாலயே நடப்பேன். பலம் இருக்குதான்னு பாக்க ரெண்டு கையிலயும் ரெண்டு கொடம் தண்ணியைத் தூக்கிட்டு வந்து வெப்பேன். என்ற சம்சாரம் தெய்வாத்தா இதையெல்லாம் பாத்துட்டே இருந்திருக்கறா. கல்யாணமாகி இருபத்தொம்பது வருசத்துல ஒரு சொம்பு தண்ணி எடுத்துக் குடுக்காதவன் தெனமும் பத்துக் கொடம் தூக்கிட்டு வந்தா அவ என்ன நெனைப்பா? தொட்டியை ரொப்பிக்கிட்டா.

சாகப் போறவன் நல்லவனாச் சாகலாமேன்னு ஒரு எண்ணம் வேற வந்துருச்சுங்க. அவகிட்ட அன்பாப் பேச ஆரமிச்சேன். ஒரு நாள், “தெய்வா, கொழம்பு அருமையா இருக்குது”ன்னேன். கரண்டியைக் கீழ வெச்சுப்போட்டு என்னையே பாத்தா. “எந்த ஊர்ல என்ன பண்ணிப்போட்டு வந்தீங்க?”ன்னா. அன்பாப் பேசறதும் நமக்கு ஒத்து வரலைங்க.

ஆனா ஒருத்தருக்கும் நான் காட்டிக்கலை. அதுல நான் கெட்டி. சந்தையில டீ டம்ளரை எடது கையிலதான் வாங்குவேன். வலது கையை இடுப்புல முட்டுக் குடுத்துக்குவேன். எங்கூடச் சந்தையில நாப்பது தரகுக்காரங்க இருக்கறாங்க. எம் மச்சான் நாச்சிமுத்து, தெய்வாத்தாளோட அண்ணன், அவனும் தரகன்தான், கழுகுக் கண்ணு அவனுக்கு. அவனுக்கே தெரியாமப் பாத்துக்கிட்டேன்னா பாருங்க. இன்னொண்ணு சொல்லோணும். மாசிக்கு மேல சந்தையில எனக்கு மரியாதை கூடிப்போச்சுங்க. முந்தியெல்லாம் துண்டுக்குள்ள தட்டுனா அதோட கையை உருவிக்கிட்டு மாட்டை அவுக்கப் போயிருவானுக. மாசிக்கப்பறம் ஒவ்வொருத்தனும் என்ற மூஞ்சியப் பாத்து, “முடிச்சுக்கலாமுங்களா அண்ணா?”ன்னு வாயால ஒருக்காக் கேட்டுட்டுத்தான் கையை எடுப்பான். வயசுக்கும் அனுபவத்துக்கும் குடுக்கற மரியாதைன்னு நெனைச்சுக்கிட்டேன்.

பங்குனியில டாக்டர்கிட்டப் போனேன். பயந்துட்டுப் போகலை, டவுன்ல வேற சோலி இருந்துது, அப்படியே போனேன். சின்ன வயசு டாக்டர். முட்டியில சுத்தியால தட்டிப் பாத்தாரு. கையைப் பிடிச்சு இழுக்கச் சொன்னாரு, தள்ளச் சொன்னாரு. நான் தள்ளுன தள்ளுல அவரு நாற்காலியோட பின்னால போயிட்டாரு. சதையில ஊசி குத்தி மிசின்ல ஓட்டிப் பாத்தாரு. பாத்துப்போட்டு, “ஒண்ணுமில்லைங்க”ன்னாரு.

“ஒண்ணுமில்லாமயா துடிக்குது?”

“சில பேருக்குத் துடிக்கும். நரம்பெல்லாம் நல்லா இருக்குது. ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?”

சந்தை நாள்ல பதினாலுன்னேன். அவரு பேனாவை மூடி வெச்சுப்போட்டு, “டீயைக் கொறைங்க, நல்லாத் தூங்குங்க, முக்கியமா அதையே பாத்துட்டிருக்காதீங்க”ன்னாரு. இதுக்குப் படிப்பா தம்பி? பாக்காதேன்னா எப்படிங்க பாக்காம இருக்கறது? வாசல்ல ஒருத்தன் கதவைத் தட்டிக்கிட்டே நிக்கறான், நீ எட்டிப் பாக்காதேன்னா முடியுமுங்களா? சரின்னு ஊட்டுக்கு வந்து பாக்காம இருந்து பாத்தேன். பாக்காமத்தான் இருக்கேனான்னு அப்பப்பப் பாத்துக்கிட்டேன். முன்னைக்கு எச்சாத் துடிச்சுது.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. நல்ல காளையை வெரல் நுனியால தொட்டாப் போதும், தோல் அப்படியே சிலுத்துத் துடிக்கும். “பாருங்க, தொட்டாத் துடிக்குது, என்ன ரோசம், என்ன சுறுசுறுப்பு!”ன்னு சொல்லியே ஆயிரம் மாடு வித்திருப்பேன். அதே துடிப்பு எனக்கு வந்தா மட்டும் ஆசுபத்திரி. இதை நெனைச்சு நானே கொட்டாய்க்குள்ள சிரிச்சிருக்கேன். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள கை துடிக்கும், சிரிப்பு நின்னுரும்.

சித்திரை மாசம் மாரியாத்தா தேரோட தாவணி கூடுச்சு. வருசத்துக்கு ஒருக்காக் கூடற பெரிய மாட்டுச் சந்தைங்க, வெளியூரு, வெளிமாநிலத்துல இருந்தெல்லாம் வருவாங்க. தெய்வாத்தா இந்தக் காரியையும் பிடிச்சுக்கிட்டு வந்தா. விக்கறதுக்கில்லை, நாலு பேரு கண்ணுல படட்டும்னு. இது பொறந்த பத்தாம் நாள் தாய் செத்துப்போச்சு. அவதான் பாட்டில்ல பால் ஊத்தி வளத்தா. மக வெளியூருக்குக் கல்யாணமாகிப் போனதுக்கப்பறம் இவ பேசறதெல்லாம் இதுகிட்டத்தான். எங்கிட்டப் பேசறதை விட எச்சாப் பேசுவா, இதுவும் என்னை விட நல்லாக் கேட்டுக்கும்.

மைசூருப் பக்கத்து வியாபாரி ஒருத்தரு, புட்டசாமின்னு பேரு, காரியைச் சுத்திச் சுத்தி வந்தாரு. பல்லைப் பாத்தாரு, கொளம்பைத் தட்டிப் பாத்தாரு, திமிலைத் தடவுனாரு. எங்கிட்ட வந்து துண்டை நீட்டுனாரு. விலைக்கில்லைங்கன்னேன். “சும்மா கையைக் குடுங்கண்ணே”ன்னாரு. நீட்டுன துண்டுக்குள்ள கை வெக்காமப் போனா எங்க தொழில்ல அது எதிராளி மூஞ்சியில துப்புன மாதிரி. உள்ள கையை வெச்சு, சும்மா உருவிக்கிட்டா அது மறுப்பு. அதுக்குத்தான் கையைக் குடுத்தேன். அவரு வெரலைப் பிடிச்சாரு. நல்ல விலை. நான் கையை உருவறதுக்குள்ள…

தட்டிருச்சுங்க. ஒண்ணு, ரெண்டு. அளவெடுத்த மாதிரி அவரு உள்ளங்கை நடுவுல.

“முடிஞ்சுது!”ன்னு துண்டை எடுத்து ஒதறிப்போட்டு, காரி கவுத்துல கையை வெச்சாரு. தெய்வாத்தா கவுத்தை விடலை. என்னைப் பாத்தா. சுத்திக் கூட்டம் கூடிருச்சு. கை தானாத் துடிச்சுதுன்னு சொன்னா, நாளைக்கு எவன் என்ற கையைப் பிடிப்பான்? முப்பத்திரண்டு வருசம் போச்சு. சொல்லாட்டி காரி போச்சு. தட்டுனது தட்டுனதுதான்னு நானே எத்தனை பேரு மாட்டை அவுத்து விட்டிருப்பேன்! ஒரு கெழவன் காலைப் பிடிச்சு அழுதப்பக்கூட அவுத்து விட்டவன் நான். அது நெனைப்புக்கு வந்துது.

அப்பத்தான் நாச்சிமுத்து கூட்டத்தை வெலக்கிட்டு வந்தான். “அந்தத் தட்டுச் செல்லாது”ன்னான். “எங்க மாப்ள கட்டைவெரல் நாலு மாசமாத் தானாத் துடிக்குது. எங்க சந்தையில அத்தனை பேருக்கும் தெரியும். அவரு கை தட்டுனா நாங்க வாயால ஒருக்காக் கேட்டுக்குவோம்.”

தலையில இடி விழுந்த மாதிரி இருந்துச்சுங்க எனக்கு. நாப்பது பேரும் தலையாட்டறானுக! நாலு மாசம் இடுப்புல முட்டுக் குடுத்துக்கிட்டு, எடது கையில டீ வாங்கிக் குடிச்சவன், அத்தனை பேருக்கும் சினிமாக் காட்டிட்டு இருந்திருக்கேன். மரியாதைன்னு நெனைச்சேனே, அந்த “முடிச்சுக்கலாமுங்களா அண்ணா” எல்லாம் இதுக்குத்தான்.

புட்டசாமி விடலை. “எனக்குத் தெரியாதல்லண்ணே. கைக்காரரு வாயால சொல்லட்டும்.”

ஞாயந்தானுங்க. நான் தெய்வாத்தாளைப் பாத்தேன். கவுறு அவ கையிலதான் இருந்துது, ஆனா அவ கண்ணு காரி மேல இல்லை, என்ற மேல. வெக்கத்தை முழுங்கிக்கிட்டுச் சொல்லிப்போட்டேன். “நான் தட்டலைங்க. கை தானாத் துடிக்குது. எனக்கு என்னமோ நோவு.”

அவரு என்ற கையைப் பிடிச்சு வெயில்ல நீட்டி, “எங்க, துடிக்கட்டும் பாப்போம்”ன்னாரு. தாவணியே கழுத்தை நீட்டிப் பாக்குது. கொம்பு சீவறவன் சீவறதை நிறுத்திப்போட்டான். நாலு மாசம் ஓயாம ஆடுன வெரலு… கல்லு மாதிரி நிக்குதுங்க! ஒரு அசைவில்லை. ரோசம் இருந்தாத் துடிடான்னு மனசுக்குள்ள கெஞ்சறேன். தை மாசத்துலருந்து எதை நிறுத்து நிறுத்துன்னு மாரியாத்தாகிட்ட வேண்டுனேனோ, அதையே அவ கோயில் முன்னால நின்னு ஒருக்காக் குடு தாயேன்னு கேக்கறேன். அவ எந்த வேண்டுதலைத்தான் எடுத்துக்குவா? புட்டசாமி மூஞ்சியில சிரிப்பு வந்துருச்சு.

தெய்வாத்தா கவுத்தை அண்ணங்கிட்டக் குடுத்தா. வந்து என்ற தோள்ல இருந்த துண்டை உருவி ரெண்டு பேரு கையையும் மூடுனா. “நீங்க பிடிச்சே இருங்கண்ணா”ன்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டு எங்கிட்டத் திரும்புனா. “மாமா, வரும்போது தவுட்டு மூட்டையை உள்ள எடுத்து வெச்சீங்களா, வாசல்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“எடுத்து வெச்சனே! இல்லை, இரு, சாவியைத் தேடப் போனேனா, அப்ப மூட்டையை…”

“தட்டுது!”ன்னு கத்துனாரு புட்டசாமி. “மறுபடியும் தட்டுது! அட, நிக்கவே மாட்டேங்குது!”

தாவணியே சிரிச்சுதுங்க. அவரும் விழுந்து விழுந்து சிரிச்சாரு. “அண்ணே, இந்தக் கையை வெச்சுக்கிட்டு வெளியூருப் பக்கம் வந்துறாதீங்க. ஊரையே வித்துப்போடுவீங்க”ன்னு சொல்லிப்போட்டுப் போனாரு. அன்னியிலருந்து நான் துண்டுக்குள்ள கை வெக்கறதில்லை, வாயாலதான் பேசறது. தொழில் ஒண்ணும் கொறையலைங்க. நோவு இருக்குதுன்னு நாலு பேரு முன்னால ஒத்துக்கிட்டவன் மாட்டு நோவை மறைக்க மாட்டான்னு ஒரு பேச்சுக் கெளம்பிருச்சு. அது என்னமோ நடக்குது.

நான் சொல்ல வந்தது அது இல்லை.

தாவணி கலைஞ்சு காரியை ஓட்டிக்கிட்டு நடந்தே வந்தோம். வழியில கேட்டேன், “உங்கண்ணனுக்கு எப்படித் தெரியும்?” “நாந்தான் தை மாசமே சொன்னேன். சந்தையில ஏமாந்துறப் போறாரு, பாத்துக்கங்கன்னு”ங்கறா. எனக்குக் கோவம் வந்துருச்சு. புருசன் மானத்தைச் சந்தைக்குக் கொண்டு போற பொம்பளையை என்ன பண்றது? “தெரிஞ்சும் நாலு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே! நான் தனியாக் கெடந்து சாகறேன், உனக்கென்ன, தொட்டி ரொம்புனாப் போதும்!”னு கத்திப்போட்டேன்.

அவ நின்னுட்டா. “கேட்டா நீங்க பயப்படலைம்பீங்க”ன்னா. அப்பறம் மெதுவாச் சொன்னா. “மாசியிலருந்து என்ற எடது கண்ணும் ஓயாமத் துடிக்குது. நீங்க பாத்தீங்களா?”

நான் பாக்கலை தம்பி. என்ற கெட்டுப்போன கண்ணு, கெண்டைக்காலைப் பாத்துது, கையைப் பாத்துது, முதுகைக் கண்ணாடி வெச்சுப் பாத்துது. எதுத்தாப்ல உக்காந்து சோறு போட்டவ மூஞ்சியப் பாக்கலை. நடுரோட்டுல நின்னு அவ எமை மேல வெரலை வெச்சுப் பாத்தேன். நிசந்தான், சின்னதா அடிச்சுக்கிட்டே இருந்துது. என்ற கைக்குப் பங்குனி வரைக்கும் பொறுத்திருந்தவன், “நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம் வா”ன்னேன்.

“நான் வர மாட்டேன்”ங்கறா. “பொம்பளைக்கு எடது கண்ணு துடிச்சா நல்லது. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் அது துடிக்குது. அதைப் போயி எதுக்கு நிறுத்தோணும்?”

காரியோட பின்னாலயே நடந்து வந்தேன்.

அதா, அவளே வர்றா, உங்களுக்கு மோர் கொண்டாறா. வாங்கறப்ப அந்த எடது கண்ணைச் சித்தெப் பாத்துச் சொல்லுங்க தம்பி. நான் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறா. துடிச்சாலும் பயமா இருக்குது, துடிக்காட்டியும் பயமா இருக்குது.